சின்ன மீனவர் யார்?

கடலூரில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2014-ல் ஏற்றுக்கொண்ட சிறு அளவு மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகளைக் குப்பம் குப்பமாகப் போய் விளக்குவது. குட்டித் தீவு நாடுகளுக்கும் நம்மைப் போன்ற நீளக் கரை உள்ள நாடுகளுக்கும் பொதுவானது அது. சென்னையிலிருந்து இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்த சந்திரிகா ஷர்மா, அந்த ஆண்டு மார்ச்சில் காணாமல்போன மலேசிய விமானத்தில் இருந்தார். நெறிகள் அவருக்குத்தான் காணிக்கையாக்கப்பட்டிருக்கின்றன. இதைச் சொன்னால் கூட்டத்தில் ஒரு நிமிடம் பேச்சிருக்காது, அப்புறம் கேள்விகள் ஆரம்பிக்கும்.

முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். "சிறு மீனவர்" என்று நான் நாலாவது தடவை சொன்னதும், வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலைநிமிராமலே கேட்டார்: "நாப்பது பேரு பங்கு போட்டு சுருக்குமடி வாங்கியிருக்கோம் தம்பி, பங்குக்குப் பங்கு கடன். இதுல நாங்க சின்னவனா, பெரியவனா?"

சுருக்குமடியைப் பார்க்காதவர்களுக்கு: பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பை மாதிரிதான். மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை விட்டு, அடியில் வளையங்களுக்குள் ஓடும் கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும், மத்திக் கூட்டம் மொத்தமாக உள்ளே. தமிழ்நாட்டில் 2000-லேயே தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று அனுமதித்தது. மீனின் செவுள் சிக்கும்படி கடலில் விரிக்கும் செவுள்வலைக்காரர் வெறும் படகோடு திரும்பினால் திட்டுவது இந்த வலையைத்தான். அண்ணன் செவுள்வலையும் தம்பி சுருக்குமடிப் பங்குமாக இருக்கும் வீடுகளும் உண்டு, அங்கே போய் நான் யார் பக்கம் பேச?

சரி, வெளிநாட்டு உதாரணம் சொல்லிப் பார்க்கலாம் என்று மடகாஸ்கரை எடுத்தேன். தென்மேற்குக் கரையில் 2004-ல் ஒரு ஊர்க்காரர்கள் பவளத்திட்டின் ஒரு பகுதியைச் சில மாதம் மூடிவைத்தார்கள். அங்கே பிடிக்கும் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) மளமளவென்று வளரும் உயிர், திறந்தபோது நல்ல பிடிப்பு கிடைத்தது, பக்கத்து ஊர்களும் அதையே செய்தன. நான் ரசித்துச் சொன்னேன். வீராம்பட்டினத்தில் ஒரு அக்கா, "பேய்க்கணவா வாசல்லயே கெடக்கும் தம்பி, மத்தி அப்படியா? நாம விட்டா மரக்காணத்துக்காரன் புடிப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அவர் சொன்னதுதான் விஷயம். ஒரே இடத்தில் கிடக்கும் உயிருக்கு ஒரு ஊர் காவல் இருக்கலாம், கரையோரமாக ஓடும் மீனுக்கு எத்தனை ஊர் கூட வேண்டும்?

அலுவலகம் திரும்பி நெறிகளை மறுபடி புரட்டினேன். "சிறு" என்றால் என்ன என்று அதிலும் ஒரே வரையறை இல்லை, அந்தந்த நாடே பேசி முடிவு செய்ய வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அதைத்தான் அந்த ஆவணத்தின் நேர்மையான இடமாக நினைக்கிறேன். எங்கள் அறிக்கைப் படிவத்தில் அந்த நேர்மை இல்லை. பயனாளி எண்ணிக்கைக்குப் பக்கத்தில் "படகு நீளம்" என்று ஒரு கட்டம், குறிப்பிட்ட அடிக்குள் இருந்தால் சிறு மீனவர். மூன்று வருடம் நானே அதை நிரப்பினேன், ஒரு கூச்சமும் இல்லாமல்.

அந்தக் கணக்கில் மீன் விற்கும் பெண்கள் பூஜ்யம். அவர்களுக்கு ஏது படகு? பிடித்த மீனைக் காயவைப்பதும் விற்பதும் மீன்பிடித் தொழில்தான் என்று நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன, நானும் அதைக் கூட்டம் கூட்டமாக வாசித்திருக்கிறேன். துறைமுகத்தில் ஒரு விடியற்காலை, வட்டிக்கு வாங்கிய பணத்தோடு ஏலத்துக்கு நின்ற அம்மா ஒருவரிடம் சுருக்குமடி பற்றிக் கேட்டேன். "எந்த வலையா இருந்தா எனக்கென்னப்பா, லாரிக்காரன் மொத்தமா அள்ளிட்டுப் போறான். எனக்கு ஒரு அன்னக்கூடை மீன் நிக்கணும்" என்றார். வலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எங்களில் யாரும் அதுவரை கூடையைப் பற்றிக் கேட்டதில்லை.

அடுத்த அறிக்கையில் அவர்களைத் தனித்தனியாகச் சேர்த்தேன். படிவத்தில் வேறு கட்டம் இல்லாததால் இருந்த கட்டத்திலேயே எழுதினேன். ரெண்டாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன். படகு நீளத்துக்கு நேரே "அன்னக்கூடை ஒன்று" என்று வரிசையாக வந்திருக்கிறதே, தட்டச்சுப் பிழையா என்று கேட்டார்கள்.

இல்லை என்றேன்.