கூத்தனூர் சரஸ்வதிக்கு ஒரு வெள்ளைப் புடவை

சின்னவனுக்குப் பேச்சு வரத் தாமதமானபோது அத்தை வேண்டிக்கொண்டது இது. அவன் வயசுப் பிள்ளைகள் எல்லாம் கதை கதையாகப் பேச, இவன் எதற்கெடுத்தாலும் விரலை நீட்டி "ம்ம்... ம்ம்" என்று மட்டும்தான் சொல்வான். காது டெஸ்ட் எடுத்தோம், குறை எதுவும் இல்லை என்றார்கள். ஸ்பீச் தெரபிக்கும் விடாமல் அழைத்துப் போனோம். அத்தை தன் பங்குக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து, "பிள்ளை வாய் திறந்து பேசட்டும் தாயே, உனக்கு வெள்ளைப் புடவை சாத்தி, தேன் கொடுத்து, உன் சன்னதியிலேயே இவனை முதல் எழுத்து எழுத வைக்கிறேன்" என்று சாமி அலமாரியில் வைத்துவிட்டார். பேச்சு வந்தது. எப்படி வந்தது என்றால், இப்போது நிறுத்தத்தான் ஆள் இல்லை!

இவன் பிறந்தது புரட்டாசித் திருவோணம். அக்டோபர் முதல் வாரப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தெரியும், பிறந்தநாள் எப்போதும் காலாண்டு லீவில் வந்து மாட்டும். கலர் டிரஸ் போட்டுக்கொண்டு போய் வகுப்பில் சாக்லேட் கொடுக்கிற பாக்கியம் அவர்களுக்கு இல்லை. பெரியவள் இதைச் சொல்லிச் சொல்லியே தம்பியை அழவைப்பாள். 2025-ல் விஜயதசமி அக்டோபர் 2, அன்று காலையே திருவோணமும் பிறக்கிறது என்று காலண்டரைப் பார்த்ததும் அத்தை ஒரே பிடியாக நின்றுவிட்டார், இந்த வருஷம் கேக்கும் கிடையாது பலூனும் கிடையாது, கூத்தனூர் சரஸ்வதி கோயில்தான் என்று.

வீட்டில் கொலு வைத்திருக்கிறோம், விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, விளக்கேற்றி ஏதாவது ஒரு சுண்டல் நைவேத்தியம் பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். லீவு சமயத்தில் ரயில் டிக்கெட் கிடைத்ததே அம்பாள் செயல், ஆம்னி பஸ் கட்டணத்தைக் கேட்டால் மயக்கம் வரும். சரஸ்வதி பூஜையன்று பாத தரிசனம் பார்த்துவிட வேண்டும் என்பதும் அத்தையின் ஆசை. ஆனால் மயிலாடுதுறையில் இறங்கும்போதே சின்னவனுக்கு வாந்தி, பகல் முழுக்க லாட்ஜில் எலெக்ட்ரால் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தோம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை மட்டும் பார்த்தேன். சாயங்காலம் அவன் இட்லி கேட்ட பிறகுதான் எங்களுக்கே பசித்தது.

மறுநாள் விடியுமுன்னே வண்டி பிடித்துப் பேரளம் வழியாகப் பூந்தோட்டத்தை ஒட்டிய கூத்தனூர் போய்ச் சேர்ந்தால், அதற்குள் அங்கே பாதித் தஞ்சாவூர்ச் சீமையும் நிற்கிறது. இறங்கியதும் ஒருத்தர் சிலேட்டையும் நோட்டையும் கையில் திணித்து, இது இல்லாமல் உள்ளே எழுத விடமாட்டார்கள் என்றார். சுத்தப் பொய். இன்னொருத்தர் குழந்தைக்கு வரிசையே வேண்டாம், ஐந்நூறு கொடுங்கள், நேரே சன்னதியில் விடுகிறேன் என்கிறார். என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்து ஏதோ சொல்லப் போக, நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். வரிசையில் பாதி தூரம் போனதும் சின்னவனுக்கு ஒன்றுக்கு அவசரம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் பின்னால் இருந்தவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். சரஸ்வதியைப் பார்க்க வருகிற இடத்தில் பேசுகிற பேச்சா அது! முட்டி வலியோடு நின்ற அத்தை மட்டும் எதுவும் காதில் விழாதமாதிரி, புடவைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சரஸ்வதி மேல் பாடிய சகலகலாவல்லி மாலையை முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்.

அப்புறம் சன்னதி. வெண்ணிறப் புடவையில், வெண்தாமரையில் அமர்ந்திருக்கிறாள். கையில் சுவடி. என்ன வேண்டிக்கொள்ள நினைத்தேனோ எல்லாம் மறந்துபோனது. குருக்கள் புடவையையும் தேனையும் வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம்?" என்றார். இவர் வாயைத் திறப்பதற்குள், இடுப்பில் இருந்த சின்னவன் தன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, "திலுவோணம்!" என்றான். அத்தைதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார், எனக்கே தெரியாது. குருக்கள் சிரித்துவிட்டு, "கோத்திரமும் நீயே சொல்லிடு ராஜா" என்றார். அத்தைக்கு நிற்க முடியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். நானும் அழுதேன். ஒவ்வொரு ராத்திரியும் இவன் ஒரு தடவை அம்மா என்று கூப்பிட மாட்டானா என்று கிடந்தவள், இன்று அவள் சன்னதியில் அவன் குரலைக் கேட்கிறேன். தாயே, கலைவாணி, இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்! பின்னால் "நகருங்க நகருங்க" என்று தள்ளுகிறார்கள், தள்ளட்டும். தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேனா என்பதுகூட நினைவில்லை.

வெளி மண்டபத்தில் நெல் பரப்பிய தட்டின் முன் உட்கார்ந்து, இவர் மடியில் வைத்து விரலைப் பிடித்ததும் சின்னவன் ஓவென்று அழுதான். சுற்றி எல்லாப் பிள்ளைகளும் அதே ராகம்தான். "அ" போட்டு முடிப்பதற்குள் பாதி நெல் தரையில். பெரியவள் தன் கணக்குப் புத்தகத்தையும் பேனாவையும் அம்பாள் பாதத்தில் வைத்து வாங்கிக்கொண்டாள், காலாண்டு மார்க் இன்னும் வரவில்லையே.

இந்த ஊரைப் புலவர் ஒட்டக்கூத்தருக்குச் சோழ ராஜா கொடுத்தார், அதனால்தான் கூத்தனூர் என்கிறார்கள். அம்பாளின் வாய்த் தாம்பூலம் கிடைத்துத்தான் அவருக்கு வாக்கு வந்ததாம். அத்தை இதைச் சொல்லி முடித்ததும், தேங்காய் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தவன், "எனக்கு வெத்தல வேணாம்" என்றான்.

திரும்பும் வழியில் திலதர்ப்பணபுரி ஆதி விநாயகரையும் பார்த்துவிட்டு வந்தோம். அங்கே பிள்ளையாருக்கு மனித முகம். "தும்பிக்கை எங்கம்மா? யாரு எடுத்தா? வலிக்குமா?" என்று ஆரம்பித்தவன், மயிலாடுதுறை வரை விடவில்லை. தலைவலி தாங்காமல், "கொஞ்ச நேரம் வாயை மூடுடா கண்ணா" என்றேன். அத்தைக்கு வந்ததே கோபம்! "இன்னிக்கா அந்த வார்த்தையைச் சொல்லுவே? நீ பேசுடா தங்கம்" என்று அவனைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். அவனும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.