7,500 ரூபாயைத் தாண்டிய ஓர் இரவு

லாட்ஜ்காரர்கள் என்னைத் தேடுவது பெரும்பாலும் இருபதாம் தேதியை ஒட்டித்தான். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும், கைபேசிக்கு வரும் ஓடிபியைச் சொல்ல வேண்டும், "எவ்வளவு கட்டணும் என்று மட்டும் சொல்லுங்கள் மேடம்" என்று முடித்துக்கொள்ள வேண்டும். என்னைக் கூப்பிட வேண்டிய நாள்கள் வேறு. சீசன் வாடகையை முடிவு செய்கிற நாள், மே மாதத்துக்கு அட்வான்ஸ் வாங்கத் தொடங்குகிற நாள், பங்களாவை லீசுக்கு எடுத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற நாள். வரி அன்றைக்கே தீர்மானமாகிவிடுகிறது. இருபதாம் தேதி நான் செய்வதெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

என் அலுவலகம் இருப்பது வத்தலக்குண்டில். கணக்கு எழுதுவதில் பெரும்பகுதி மேலே கொடைக்கானலில் இருக்கும் லாட்ஜ்களுக்கும் காட்டேஜ்களுக்கும். அங்கே நான் பார்த்ததிலேயே வயிற்றெரிச்சலைக் கிளப்பிய கணக்கு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினான்கு அறைகள், கீழ்த்தளத்தில் ஓர் உணவகம். சாதாரண நாளில் அறை வாடகை 2,800 ரூபாய், மே மாதத்தில் 4,500 வரை போகும். உணவகத்துக்கு விருந்தினர்கள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் வருவார்கள். ஆன்லைன் முன்பதிவுத் தளத்தில் தேவைக்கேற்ப விலையைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி ஒன்று உண்டு. யாரோ சொன்னார்கள் என்று அந்தப் பெட்டியில் டிக் போட்டுவைத்திருந்தார் முதலாளி. 2024 டிசம்பர் 31 இரவு, பால்கனி வைத்த இரண்டு அறைகளை அந்தத் தளம் 7,900 ரூபாய்க்கு விற்றுவிட்டது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புத்தாண்டு வாழ்த்தோடு எனக்கும் அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து, 2025 ஜனவரி நடுவில், அறிவிக்கை ஒன்று வந்தது. ஏப்ரல் 1 முதல், ஒரு ஹோட்டல் முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் விற்றிருந்தால், அந்த வளாகத்தில் உள்ள உணவகம் 5 சதவீதத்தில் பில் போட முடியாது, 18 சதவீதம் போட வேண்டும். அதற்கு முன் பார்த்தது பலகையில் அறிவித்த வாடகையை. இனிப் பார்ப்பது உண்மையில் விற்ற விலையை. எத்தனை அறை, எத்தனை நாள் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஓர் அறை, ஓர் இரவு போதும்.

மார்ச் மாதம் விற்பனைப் பட்டியலை இறங்குவரிசையில் அடுக்கிப் பார்த்தபோது அந்த இரண்டு வரிகள் உச்சியில் உட்கார்ந்திருந்தன. அவரை அழைத்துச் சொன்னேன். நம்பவில்லை. "இரண்டு ரூமுக்காக வருஷம் முழுக்கவா?" என்று கேட்டார். வருஷம் முழுக்கத்தான். அவர் கடையில் நூறு ரூபாய் நெய்ரோஸ்ட்டுக்கு 118 ரூபாய், எதிர்ச்சாரி மெஸ்ஸில் அதே நெய்ரோஸ்ட்டுக்கு 105. பதினெட்டு சதவீதம் வாங்கினால் உள்ளீட்டு வரியை, அதாவது நாம் வாங்குகிறவற்றுக்கு ஏற்கெனவே கட்டிய வரியை, கழித்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். கழிக்கலாம்தான். ஆனால் காய்கறி, பால், கறி, மூட்டையில் வாங்கும் அரிசி எதற்கும் வரியே இல்லையே, எதைக் கழிப்பது? வணிக சிலிண்டரில் கொஞ்சம் தேறும். கடைசியில் அவர் விலையைக் குறைத்து, வரியில் பாதியைத் தானே சுமந்தார். கூடுதலாகக் கிடைத்த அந்த இரவின் வருமானம் இரண்டே மாதத்தில் கரைந்தது.

அதன் பிறகு விலைப்பட்டியலை எனக்கு அனுப்பாமல் யாரும் தளத்தில் ஏற்றக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதிகபட்ச விலை என்ற கட்டத்தில் 7,500 என்று நிரப்பச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த எண்ணின் கூர் இன்னும் ஏறிவிட்டது. 7,500 வரை வாடகை உள்ள அறைகளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதம் ஆனது. அதற்கு மேலே பழைய 18 சதவீதமே. 7,500 ரூபாய் அறைக்கு விருந்தினர் கொடுப்பது 7,875. வாடகையில் நூறு ரூபாய் ஏற்றி 7,600 ஆக்கினால் அவர் 8,968 கொடுக்க வேண்டும். முதலாளிக்கு நூறு ரூபாய், விருந்தினருக்கு 1,093 ரூபாய்.

இதற்கு ஒரு குறுக்கு வழியும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அறை 7,000, கேம்ப் ஃபயர் 1,500 என்று இரண்டு பில். கேம்ப் ஃபயர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை விருந்தினருக்கு உண்மையிலேயே இருந்தால் தாராளமாகப் போடுங்கள். விறகே வாங்காத மாதத்தில் முப்பது கேம்ப் ஃபயர் பில் இருந்தால் அந்தக் கணக்கில் நான் கைவைக்க மாட்டேன்.

ஐந்து சதவீதம் ஆனதும் மலையில் எல்லோரும் கொண்டாடினார்கள். உள்ளீட்டு வரியை எடுக்க முடியாது என்ற இரண்டாவது பாதியை யாரும் படிக்கவில்லை. அது எங்கே கடிக்கிறது என்று ஒரு புக்கிங்கை எடுத்துக் காட்டினால்தான் புரியும்.

ஆன்லைனில் 4,000 ரூபாய் அறை. வரியோடு விருந்தினர் கட்டியது 4,200. தளத்தின் கமிஷன் 18 சதவீதம் என்று வைத்தால் 720. அந்தக் கமிஷனுக்கு ஜிஎஸ்டி 129 ரூபாய் 60 காசு. ஜிஎஸ்டிக்காகத் தளம் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் டிசிஎஸ் அரை சதவீதம், 20 ரூபாய். வருமான வரிக்காக அதேபோலப் பிடிக்கும் டிடிஎஸ் 0.1 சதவீதம், 4 ரூபாய். எல்லாம் போக வங்கிக்கு வருவது 3,326 ரூபாய் 40 காசு. லாட்ஜ் நோட்டில் எழுதியிருப்பதும் இந்த எண்தான், "ஆன்லைன் வரவு" என்று. தவறு. விற்பனை 4,000, கமிஷன் செலவு, அரசுக்குக் கட்ட வேண்டிய வரி 200, இருபதும் நான்கும் நமக்குத் திரும்ப வர வேண்டிய பணம். தளம் தன் ரிட்டர்னில் 4,000 என்று காட்டியிருக்கும். நீங்கள் 3,326 காட்டினால் வித்தியாசம் கேட்டு நோட்டீஸ் வரும். முன்பு அந்த 129 ரூபாய் 60 காசை நம் வரியில் கழித்துக்கொண்டோம். இப்போது அது சுத்தமாகச் செலவு. சலவை, சோப்பு, கேமரா பராமரிப்பு எல்லாவற்றின் வரியும் அப்படியே. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்த லாபம் விருந்தினருடையது. லாட்ஜ் தன் அடிப்படை வாடகையைத் திருப்பிப் பார்க்காவிட்டால் நஷ்டம்கூட வரலாம்.

டிசிஎஸ் பணம் தானாக வந்து சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி தளத்துக்குள் போய், வந்திருக்கும் தொகையை ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்த வேண்டும். அதன் பிறகுதான் ரொக்கப் பேரேட்டில் சேரும். புதிதாக என்னிடம் வருகிற லாட்ஜ்களில் முதல் வேலையாக அதைத் திறந்து பார்ப்பேன். வருடக்கணக்கில் அழுத்தாமல் கிடக்கும்.

சலவைக்காரரின் நோட்டையும் கேட்டு வாங்குவேன். முதலாளிகளுக்கு இது வினோதமாக இருக்கும். மதுரையில் குடியிருந்துகொண்டு மேனேஜரை நம்பி லாட்ஜ் நடத்தும் ஒருவரின் கணக்கில் சனிக்கிழமைகள் எல்லாம் ஒன்பது அறை, பத்து அறை என்று இருந்தது. சீசன் சனிக்கிழமை. சலவை நோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை போன படுக்கை விரிப்புகள் 28. அறைக்கு இரண்டு விரிப்பு. பதினான்கு அறையும் நிரம்பியிருக்கின்றன. டாக்ஸி டிரைவர்கள் கூட்டிவருகிற ரொக்க விருந்தினர்களைப் பதிவேட்டில் ஏற்றாமல், டிரைவருக்குக் கமிஷனைக் கொடுத்துவிட்டு மீதியை மேனேஜர் பையில் போட்டுக்கொண்டிருந்தார். முதலாளிக்கு வாடகையும் போனது, அதிகாரி யாராவது இதே நோட்டைப் பார்த்திருந்தால் வரி ஏய்ப்பு என்று அவர் தலையில்தான் விடிந்திருக்கும். மின்கட்டணம், சலவை, தண்ணீர் லாரி மூன்றையும் அறைக் கணக்கோடு ஒட்டிப் பார்ப்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். பொருள் விற்பவருக்கு இல்லாத தலைவலி இது. சேவைக்கு அட்வான்ஸ் வாங்கினால், வாங்கிய மாதத்திலேயே ஜிஎஸ்டி கட்ட வேண்டும். மே மாதத்து அறைக்குப் பிப்ரவரியில் ஜிபேயில் வந்த பாதிப் பணத்துக்கு வரி பிப்ரவரியில். மே வரட்டும், பில் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது மலை முழுவதும் நிலவும் நம்பிக்கை. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு சீசனுக்கு வாரநாளில் 4,000, வாரக்கடைசியில் 6,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் விதித்தது. பாஸ் கிடைக்காதவர்கள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். முறையாக அட்வான்ஸ் ரசீது போட்டு வரி கட்டியவர், பணத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கும் ரசீது போட்டு அந்த வரியைச் சரிசெய்துகொண்டார். நோட்டில் கிறுக்கிவைத்தவருக்கு எது விற்பனை, எது அட்வான்ஸ், எது திருப்பியது என்றே தெரியவில்லை. ரத்துக்கட்டணமாகப் பிடித்துக்கொண்ட தொகைக்கும் அறைக்கு உள்ள அதே விகிதத்தில் வரி உண்டு. 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கை அதைத் தெளிவாகச் சொல்கிறது. தங்கவே இல்லையே, எதற்கு வரி என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

விகிதம் மாறிய செப்டம்பரில் இது இன்னும் சிக்கலானது. ஆயுத பூஜை விடுமுறைக்கு ஆகஸ்டில் வாங்கிய அட்வான்ஸுக்கு 12 சதவீதம் கட்டியிருந்தோம். தங்கியதும் பில் போட்டதும் அக்டோபரில். இரண்டும் மாற்றத்துக்குப் பின் என்பதால் புதிய 5 சதவீதமே பொருந்தும். விருந்தினருக்கு வித்தியாசத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். சிலர் கொடுத்தார்கள்.

கேரளத்திலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். கொச்சி நிறுவனம் ஒன்று ஊழியர்களை அழைத்துவந்தால், கிளம்பும்போது ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் விற்பனைக்கான வரி, போட்டுத்தான் பில் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். முடியாது. கட்டடம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சேவை நடந்ததாகச் சட்டம் பார்க்கிறது. தமிழ்நாட்டின் மாநில வரியும் மத்திய வரியும்தான். அவர்கள் கேரளத்தில் அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்பது உண்மை. அதற்காக லாட்ஜ் தவறான பில் கொடுத்தால், சரியான வரியை மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும்.

இந்த மாதம் கையில் இருப்பது ஒரு ஹோம்ஸ்டே. வட்டக்கானல் பக்கம் ஒரு வீட்டை மாதம் 50,000 ரூபாய் வாடகைக்கு எடுத்து, ஓர் அம்மா நடத்துகிறார். ஆண்டு வருமானம் 14 லட்சம். சேவைக்கு 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. பதிவில்லாதவர் ஆன்லைன் தளம் வழியாக அறை கொடுத்தால் அந்த வரியைத் தளமே கட்டிவிடும். ஆனால் எண் இருந்தால் மதிப்பு என்று யாரோ சொல்லி, இவர் பதிவு செய்துகொண்டார். பதிவு வாங்கியதும் வீட்டு வாடகைக்கு ஆர்.சி.எம்., அதாவது சேவையைக் கொடுப்பவருக்குப் பதிலாக வாங்குபவரே வரி கட்டும் முறை, வந்து ஒட்டிக்கொண்டது. உரிமையாளர் வாங்காவிட்டாலும், வாடகைக்கு எடுத்தவரே 18 சதவீதம் கட்ட வேண்டும். மாதம் 9,000, ரொக்கமாக. ஐந்து சதவீத முறையில் அதைக் கழிக்கவும் முடியாது. ஆண்டுக்கு 1,08,000.

"அக்கா, அந்த எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றேன். பெயர்ப்பலகையில் அச்சடித்துவிட்டேனே என்று தயங்கினார். ஒரு லட்சத்து எட்டாயிரத்தை எழுதிக் காட்டியதும் சம்மதித்தார். ரத்து விண்ணப்பம் போயிருக்கிறது. இதுவரை கட்டாத ஆர்.சி.எம். பாக்கியை வட்டியோடு முதலில் கட்டச் சொல்லியிருக்கிறேன். உத்தரவு வந்த மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் போட வேண்டும், அதைப் போடாமல் விட்டு அபராதம் கட்டியவர்கள் பலர் என்பதால் அவர் கைபேசியிலேயே நினைவூட்டல் வைத்துக் கொடுத்தேன். பெயர்ப்பலகையில் அந்த வரியின் மேல் பெயின்ட் அடித்துவிட்டதாக நேற்று செய்தி அனுப்பினார். உத்தரவு வரும்வரை அதை அழிக்கக் கூடாது, மறுபடி எழுதிவையுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.