மூன்று வீசம் தண்ணீர்

கணித மாஸ்ரர் காலமாகிவிட்டார் என்ற செய்தி எங்கள் பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் வந்திருந்ததை, கனடாவின் ஸ்காபரோவில் வாசல் பனியை அள்ளிவிட்டு உள்ளே வந்த பிறகுதான் பார்த்தேன். இந்த மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டபோது, பள்ளிக்கூடத்தில் தந்த கெயார் பிஸ்கட்டையும் வேம்பில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டையும் பற்றி எழுதுவதாகத்தான் எண்ணியிருந்தேன். இப்போது அவரைத் தவிர வேறொன்றையும் எழுத முடியவில்லை. பெயரை எழுதாமல் விடுகிறேன். உங்களுக்குத் தெரியும், அத்துடன் நான் சொல்லப்போவது அவர் விட்ட ஒரு பிழையைப் பற்றியது.

முப்பது வீடும் ஒரு கோயிலும் போக மிச்சமெல்லாம் செம்மண் தோட்டமாக இருந்த எங்கள் யாழ்ப்பாணக் குறிச்சியில், யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கிணற்றில் எவ்வளவு பங்கு என்றுதான் கேட்பார்கள். ஆறில்லாத நாட்டில், மாரியில் பெய்வது சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது என்பதை, நிலாவரைக் கிணற்றுக்குக் கூட்டிப்போய்க் காட்டியவரும் அவர்தான். அவசரப்பட்டு அள்ளினால் உவர் மேலே ஏறிவிடும், ஆகவே இறைத்தவன் ஊற விட்டு விலக வேண்டும். முறை என்ற ஏற்பாடு நீதிக்காக மட்டுமன்றி அந்த உவருக்குப் பயந்தும் ஏற்பட்டது என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் தோட்டக் கிணறு ஐந்து வீட்டுக்குப் பொது. முறை எட்டு நாளுக்கொரு தடவை சுற்றும். காலை, பின்னேரம் என்று பதினாறு நேரம். ஒரு நேரம் ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. அப்பாவுக்கு மூன்று வீசம். கிழமைக்கு ஏழு நாளும் முறைக்கு எட்டு நாளும் ஆனபடியால் எங்கள் முறை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாள் தள்ளித் தள்ளிப் போகும். அது பள்ளிக்கூட நாளில் விழுந்தால், விடியப்புறம் எழும்பிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிட்டு, முழங்கால்வரை செம்மண்ணோடு, தேவாரம் முடிந்த பிறகுதான் நான் வந்து சேருவேன். மாஸ்ரர் அடிப்பார், ஆனால் அந்த மண்ணைப் பார்த்தால் ஓர் அடியோடு நிறுத்திவிடுவார்.

1970இல் வந்த சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது எங்கள் ஊர் நிமிர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். உத்தியோகத்தரும் சட்டையைக் கழற்றிவிட்டு வெங்காயம் நட்ட காலம் அது. அந்த விலை என்றைக்கும் நிற்கும் என்று நம்பிய அப்பா, துலாவைக் கழற்றிவிட்டுக் கடன்பட்டு இறைப்பு மிசின் வாங்கினார். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் வெங்காய விலை விழுந்தது, கடன் விழவில்லை. அடுத்த வருடம் தோட்டத்தையும் மூன்று வீசத்தையும் பக்கத்துப் பங்காளருக்கு ஒற்றி வைத்தார், மீட்கும்வரை தண்ணீரும் அவருக்குத்தான். வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பதினொரு வயதில் நான் கண்டுபிடித்த உபாயத்தை இதுவரை மனைவிக்கும் சொன்னதில்லை. எங்கள் முறை வரவேண்டிய நாட்களை எண்ணி வைத்திருந்து, அந்த நாட்களில் வேலியோரம் கொஞ்ச நேரம் நின்று, வாய்க்கால் சேற்றை அள்ளிக் காலில் பூசிக்கொண்டு பிந்தி வருவேன். அடி வாங்குவதில்கூட ஒரு பெருமை இருந்தது, ஏனென்றால் அது இறைப்புள்ள வீட்டுப் பிள்ளை வாங்கும் அடி.

அப்படியொரு நாளில்தான் மாஸ்ரர் பின்னக் கூட்டல் தொடங்கினார். புத்தகத்திலுள்ள அப்பமும் தோடம்பழமும் எங்கள் தலைக்குள் ஏறாததால், பங்குக் கிணற்றை எடுத்துக்கொண்டார். ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் இருந்தோம். ஒவ்வொருவராக எழும்பிப் பங்கைச் சொல்ல, அவர் பலகையில் எழுதினார். முதல் வீட்டுக்குக் கால், அடுத்ததற்கு மூன்று வீசம், அதற்கடுத்ததற்குக் கால். நான் எழும்பி, காலில் ஈரம் காயாத மண்ணோடு, "மூண்டு வீசம், சேர்" என்றேன். கடைசியாக எழும்பியவன் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "எங்களுக்கு அரைக்கால்தான், சேர். இப்ப அஞ்சு வீசம்."

மாஸ்ரர் கூட்டினார். பதினாறின் மேல் பத்தொன்பது வந்தது.

ஒரு கிணறு ஒன்றுக்கு மேல் போகாது என்று அரைமணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், மிஞ்சி நின்ற மூன்று வீசத்தைப் பார்த்தார். வகுப்பும் பார்த்தது. அவர் திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பிறகு ஐந்தை அழித்து இரண்டு என்று எழுதி, "நான்தான் பிழையாய் எழுதிப்போட்டன்" என்றார். அந்தப் பிள்ளை, "இல்லை, சேர்..." என்று தொடங்க, "இரு" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டார். ஒரு புள்ளி இடம் மாறினாலும் கொப்பியை யன்னலால் எறிகிறவர், எங்கள் எல்லோருக்கும் பிழையென்று தெரிந்த கணக்குக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். ஆனால் பிரம்பால் அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அந்த இரக்கத்தை நான் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அதற்குப் பிறகு நான் பிந்தியதில்லை. அவர் மாலையில் இலவசமாகச் சொல்லித்தந்த கணக்குத்தான் என்னைச் சோதனைகளில் ஏற்றிவிட்டு, 1986இல் இந்த நாட்டுக்கும் அனுப்பிவைத்தது.

1989இல் நான் அனுப்பிய காசில் அப்பா ஒற்றியை மீட்டார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குப் பயந்து எங்கள் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது, மிசினை விட்டுவிட்டுக் காணி உறுதியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு நடந்தாராம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்த அடுத்த வருடம், 2003இல், ஊருக்குப் போன நான் மாஸ்ரரைத் தேடிச் சென்றேன். நன்றி சொல்லவேண்டுமென்று ரொறன்ரோவிலிருந்தே ஒத்திகை பார்த்திருந்த வசனங்களைச் சொல்லி முடித்ததும், அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நானோ? பலகையிலையோ? பிழையாய் எழுதினனோ?"

"ஓம், சேர்."

"உமக்கு ஆரோ சொல்லியிருக்கினம். அப்பிடி ஒருநாளும் நடந்திராது."

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. மறந்துவிட்டாரா, அல்லது இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அந்தப் பலகையை எனக்காக மறைத்துக்கொண்டு நின்றாரா என்பது, தேத்தண்ணீர் குடித்து முடியும்வரை எனக்கு விளங்கவில்லை. இனிக் கேட்கவும் ஆளில்லை.

அப்பாவின் மூன்று வீசம் எங்கள் மூவருக்கும் ஆளுக்கொன்றாகப் பிரிந்தது. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீரும் வருகிற ஊரில் இருந்துகொண்டு, நான் எட்டு நாளுக்கொருமுறை ஒரு நேரத் தண்ணீருக்கு உரித்தாளி. போன மாதம் தம்பியின் மகன், அந்தப் பங்கைத் தன் பெயருக்கு எழுதித்தரும்படி கேட்டான். எங்கள் ஊர் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி பங்காளருக்குள்ளேயே நிற்கட்டும் என்று நானும் சம்மதித்தேன். பேச்சோடு பேச்சாக, இன்றைக்கு யாருடைய முறை என்று கேட்டேன்.

"முறையோ? இப்ப அப்பிடி ஒண்டுமில்லைப் பெரியப்பா. ரண்டு வீடுதானே செய்யினம். வேண்டின நேரம் மோட்டரைப் போடுறது."

தண்ணீர் உவர்க்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் உவர்தான் என்றான்.