வரிசையில் நிற்க முடியாதவர்கள்

டிஸ்னி பூங்காக்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்பு ஒரு அட்டை கொடுப்பார்கள். காட்டினால் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 2013இல் ஒரு செய்தி வந்தது: வசதியான சில குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரைக் காசு கொடுத்துக் கூட்டிப்போய் வரிசையைத் தாண்டுகிறார்களாம். படித்தபோது வயிறு எரிந்தது. அந்த அக்டோபரிலேயே அட்டை போய், திரும்பி வரும் நேரத்தைக் குறித்துக் கொடுக்கும் முறை வந்தது. சரி, அது நியாயம்தான். காத்திருப்பு எல்லோருக்கும் ஒன்று, இவர்கள் வெளியே உட்கார்ந்து காத்திருக்கலாம்.

ஆனால் 2024இல் இன்னும் இறுக்கிவிட்டார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் முக்கியமாக இந்த வசதி என்றார்கள். குடல் நோயால் அடிக்கடி கழிவறைக்கு ஓட வேண்டியவர் என்ன செய்வார்? வெகுநேரம் நின்றால் மயங்கி விழுபவர்? ஏமாற்றி வரிசையைத் தாண்டியது யாரோ. இந்த வசதியைக் கேட்டு, முன்பின் தெரியாத டிஸ்னி ஊழியர் ஒருவரிடம் வீடியோ அழைப்பில் தன் உபாதையை விளக்கிவிட்டு, 'இல்லை' என்ற பதிலோடு நிற்பது இவர்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.