சித்தப்பாவின் கார் இன்சூரன்ஸ் படலம்

காருக்கு இன்சூரன்ஸ் முடியப்போகிறது, எது மலிவு என்று பார்த்துச் சொல் என்று சித்தப்பா வந்து உட்கார்ந்தார். குடித்துவிட்டு ஓட்டி மாட்டி, கோர்ட்டில் தண்டனை வாங்கிய பிறகு வரும் முதல் புதுப்பிப்பு இது.

இன்சூரன்ஸ் இணையதளத்தில் கேள்விக்குப் பதில் போடப் போட, திரை ஓரத்தில் பிரீமியத் தொகை மாறிக்கொண்டே இருந்தது. வசிப்பது நகரத்திலா? ஆமாம். ஏறியது. இரவில் வண்டி எங்கே நிற்கும்? தெருவில். இன்னும் ஏறியது. நெரிசலில் இடிபட, திருடுபோக வாய்ப்பு அதிகமாம். சித்தப்பாவுக்கு அதுவே பொறுக்கவில்லை.

அடுத்து, போக்குவரத்துக் குற்றத்துக்குத் தண்டனை உண்டா என்ற கேள்வி.

"டேய், இல்லைன்னு போட்டுடு."

"மறைச்சது தெரிஞ்சா பாலிசியே செல்லாது சித்தப்பா. நாளைக்கு எங்கயாவது இடிச்சா சல்லிக்காசு தேறாது."

'ஆம்' போட்டேன். தொகை மாறவில்லை, காணாமலே போய்விட்டது. மன்னிக்கவும், உங்களுக்குக் காப்பீடு தர இயலாது என்று வந்தது. அடுத்த கம்பெனியும் அப்படியே. இந்த மாதிரி ஆட்களுக்கென்றே இருக்கும் ஒரு கம்பெனி மட்டும் தொகை சொன்னது. அதைப் பார்த்த சித்தப்பா, "இது காரோட விலையாடா?" என்றார்.

இத்தனைக்கும் அவர் மாட்டியது காலையில். ராத்திரி குடித்ததுதானே, தூங்கி, குளித்து, கறுப்புக் காப்பியும் குடித்தாயிற்று, இறங்கியிருக்கும் என்பது அவர் கணக்கு. உடம்பின் கணக்கு வேறு. 100 மில்லி ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறையும். நள்ளிரவில் 180 இருந்தால் காலை ஏழு மணிக்கும் 75 மிச்சம். பல நாடுகளில் வரம்பே 50தான். காப்பி குடித்தால் தூக்கம்தான் போகும்.

தொகையைக் குறைக்க வழி தேடினோம். விபத்து நடந்தால் நம் கையிலிருந்து போடும் பங்கைக் கூட்டினோம், கொஞ்சம் இறங்கியது. அதற்குள் சித்தி வந்து, "அவர் பேரை எடுத்துட்டு என் பேரை மட்டும் போட்டுப் பாரு" என்றார். போட்டேன். தொகை மளமளவென்று சரிந்தது. சித்தப்பா முகமும்தான். பாலிசியில் பெயர் இல்லை என்றால் இனி அவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

ஆனால் கோர்ட் உத்தரவில் பூட்டிய, மூச்சில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்க்கும் ஊதும் கருவி இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. யார் ஓட்டினாலும் ஊதினால்தான் இன்ஜின் கிளம்பும். ஓடும்போதும் திடீரென்று கூப்பிட்டு மறுபடி ஊதச் சொல்லும். ஜென்மத்தில் ஒரு சொட்டு குடிக்காத சித்தி, வாய் கொப்பளிக்கும் மருந்தில்கூட ஆல்கஹால் இருக்கும் என்று அதையும் நிறுத்திவிட்டு, கோயிலுக்குக் கிளம்பும்போதும் சித்தப்பாவை ஒரு முறை முறைத்துவிட்டு ஊதுகிறார்.

சித்தப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "பிரேக், பிரேக்" என்கிறார். அந்தக் கத்தலுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று சித்தி என்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.