ஈரலில் இருந்த வெள்ளைப் புள்ளிகள்

முதல் தடவை பால் மறந்த பன்றிக்குட்டிகள் மூன்று வாங்கினேன். தீனிக்குக் குறை வைக்கவில்லை, அவையும் தின்னத்தான் செய்தன. ஏழு மாதம் ஆகியும் ஒன்றுகூட 80 கிலோவைத் தாண்டவில்லை. அறுத்த அன்று ஈரலைக் கையில் எடுத்தால், பாலைத் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். உருண்டைப்புழு என்றார். குடலில் பொரிக்கும் இளம்புழு ஈரலைத் துளைத்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய், இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கே வந்து சேருமாம். ஈரலில் நான் பார்த்தது அது போன வழியின் தழும்பு. மாதக்கணக்கில் காலையில் கேட்ட வறட்டு இருமல் எதனால் என்று அப்போதுதான் உறைத்தது. நானோ தவிட்டுத் தூசி என்று நினைத்துத் தீனியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்!

அந்தப் புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கிருமிநாசினிக்கும் எளிதில் மசியாது. அதனால் கொட்டிலைக் காலி செய்து, தரையில் ஒட்டியிருந்த சாணத்தைச் சுரண்டி எடுத்து, கொதிநீர் ஊற்றித் தேய்த்து, வெயில் பட நன்றாகக் காயவிட்டேன். மேயவிடும் இடத்தையும் மாற்றினேன். அடுத்த நான்கு குட்டிகள் வந்ததும் முதல் வேலை குடற்புழு மருந்து. எப்போது திரும்பக் கொடுப்பது, கடைசி மருந்துக்கும் அறுப்புக்கும் நடுவில் எத்தனை நாள் விடுவது என்பதை மருத்துவரைக் கேட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்தேன்.

பன்றி அழுக்குப் பிராணி என்பது நம் பேச்சு. படுக்கிற இடத்தில் அது கழியாது. முதல் நாளே தூர மூலையில் தண்ணீர் ஊற்றி, ஒரு மண்வெட்டி சாணத்தையும் போட்டு வைத்தேன். இரண்டே நாளில் நான்கும் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டன. வைக்கோல் காய்ந்தே கிடந்தது.

நான் சறுக்கியது தண்ணீரில். ஒருநாள் தீனி பாதி மிச்சம். மூக்கைச் சுவரில் தேய்த்தபடி நின்றன. அவை வாயால் அழுத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய்முனையை, அதாவது நிப்பிளை, அழுத்தினால் சொட்டுச் சொட்டாக வருகிறது, உள்ளே மணல். பதறிப்போய் வாளி வாளியாக ஊற்றியிருப்பேன், நல்லவேளை மருத்துவருக்குப் போன் போட்டேன். வெகுநேரம் தண்ணீர் இல்லாமல் கிடந்த பன்றி ஒரேயடியாகக் குடித்தால் மூளை வீங்கி வலிப்பு வந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்றார். அன்றிலிருந்து தினமும் நிப்பிளுக்கடியில் பாட்டிலைப் பிடித்துப் பார்க்கிறேன். ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் நிறைய வேண்டும்.

சமையலறை மிச்சம் எதுவும் போடுவதில்லை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இறைச்சித் துண்டு வழியாகவும் வரும், வந்தால் மருந்தே கிடையாது.

எடை பார்க்கத் தராசு இல்லை, தையல் நாடாதான். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, காதடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 69.3-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட எடை வரும். அளவெல்லாம் மீட்டரில். ஆறரை மாதத்தில் பெரியதற்குச் சுற்று 1.10, நீளம் 1.20. நூறு கிலோ! நாடாவைப் பிடிக்க அது நின்றால்தானே. இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அறுத்த அன்று இறைச்சியை விட்டுவிட்டு முதலில் ஈரலைத்தான் புரட்டினேன். மூன்று வழவழவென்று இருந்தன. நான்காவதில் இரண்டு புள்ளி.