வாயுவா, ஊசியா: பைபாஸுக்கு முன் நான் கேட்ட கேள்வி

இதயத்தின் மூன்று குழாய்களிலும் அடைப்பு இருக்கிறது, பைபாஸ்தான் வழி என்று சொல்லிவிட்டார்கள். அறுவை சிகிச்சை நிபுணர் எல்லாவற்றையும் படம் வரைந்தே விளக்கிவிட்டதால், அவரிடம் கேட்க எனக்கு அதிகம் இல்லை. என் குடைச்சலெல்லாம் மயக்க மருந்தைப் பற்றித்தான். சில மயக்க மருந்துகள், ரத்த ஓட்டம் குறையும்போது இதயத் தசையைக் காப்பாற்றக்கூடும் என்று எங்கோ படித்திருந்தேன். அப்படியொன்று இருந்தால் எனக்கு அதைத்தானே கொடுக்க வேண்டும்? படுக்கை ஒதுக்கும்வரை இதையே தோண்டிக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் சிலர் கோவிலுக்குப் போவார்கள், நான் படிப்பேன்.

படித்ததில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது 1986-இல் வந்த ஓர் ஆய்வு. மர்ரி, ஜென்னிங்ஸ், ரீமர் ஆகிய மூவரும் நாய்களின் இதயத் தமனி ஒன்றை ஐந்து நிமிடம் அடைத்து, ஐந்து நிமிடம் திறந்துவிட்டார்கள். இப்படி நான்கு முறை. பிறகு அதே தமனியை 40 நிமிடம் அடைத்தார்கள். ஏற்கெனவே நான்கு முறை மூச்சுத் திணறிய தசை இன்னும் மோசமாகத்தானே கெட்டிருக்க வேண்டும்? நேர்மாறாக நடந்தது. முன்னோட்டம் இல்லாமல் 40 நிமிடம் அடைக்கப்பட்ட நாய்களில் செத்த தசையின் அளவில் கால் பங்குதான் இவற்றில் செத்திருந்தது.

1997-இல் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவைக் கொண்டு இதே போன்ற பலனைக் காட்டினார்கள். தமனியை அடைப்பதற்கு முன்பே வாயுவை நிறுத்திவிட்டாலும் காப்பு மிச்சமிருந்தது என்பதுதான் விசேஷம். மருந்து போன பிறகும் அது செய்த வேலை தசையில் தங்குகிறது.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ரத்தம் நின்றால் இதயச் செல்லில் ஆற்றல் தீர்ந்து, கால்சியம் உள்ளே குவிகிறது. ரத்தம் திரும்பி வரும் கணம் இன்னும் ஆபத்தானது: செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஒரு துளை திறந்துகொள்கிறது, பெரும்பாலும் செல்லின் கதை அதோடு முடிகிறது. ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் போன்ற ஆவியாகும் மருந்துகள் புரோட்டீன் கைனேஸ் சி முதலான நொதிகளைத் தூண்டி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் அளவைப் பொறுத்து இயங்கும் பொட்டாசியம் கால்வாய்களைத் திறக்கத் தோதாக்கி, அந்தத் துளை சுலபத்தில் திறக்காமல் தடுக்கின்றன.

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே பொட்டாசியம் கால்வாய்களை அடைக்கும் மருந்தாகச் சோதனைக்கூடத்தில் பயன்படுத்தியது கிளைபென்கிளமைடு. நான் சர்க்கரைக்காக ஆண்டுக்கணக்கில் விழுங்கிவரும் மாத்திரை! சர்க்கரை நோயும் முதுமையும் இந்தக் காப்பைத் தாமாகவே மழுக்கும் என்பதை அடுத்துப் படித்தபோது, கணினியை மூடி வைத்துவிட்டேன்.

அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவர் வந்து பார்த்தார். வாயை அகலத் திறக்கச் சொன்னார், கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார், ஆடும் பல் உண்டா, முன்பு மயக்கம் கொடுத்தபோது ஏதாவது தொல்லை வந்ததா, மூச்சு வாங்காமல் எத்தனை மாடி ஏறுவேன் என்று வரிசையாகக் கேட்டார். மாத்திரைப் பட்டியலில் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கரையும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினையும் தொடரச் சொல்லி டிக் போட்டார். கிளைபென்கிளமைடை அடித்துவிட்டு இன்சுலின் எழுதினார். பட்டினி கிடக்கும்போது சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடக் கூடாது என்பதே அவர் சொன்ன காரணம், என் பொட்டாசியம் கால்வாய்கள் அல்ல.

"எனக்கு வாயு மயக்கம் கொடுப்பீர்களா, ஊசி வழி புரோபோஃபாலா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கவில்லை, அதற்காகவே அவரைப் பிடித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சிறிய ஆய்வுகள் பலவற்றில், வாயு பெற்றவர்களின் ரத்தத்தில் இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் குறைவாக இருந்தது உண்மை என்றார். ஆனால் 2019-இல் 13 நாடுகளில் 5,400 பைபாஸ் நோயாளிகளை வைத்து வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் வாயுப் பிரிவில் 2.8 சதவீதம், ஊசிப் பிரிவில் 3.0 சதவீதம். வேறுபாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. இனித் தொடர்ந்தும் பயனில்லை என்று ஆய்வையே நிறுத்தினார்கள்.

"அப்படியானால் நாய் ஆய்வெல்லாம் பொய்யா?" என்றேன், கொஞ்சம் எரிச்சலுடன்.

"பொய் இல்லை. அங்கே ஆரோக்கியமான இதயத்தில் ஒரு தமனியை அடைத்தார்கள். உங்கள் இதயத்தைப் பொட்டாசியக் கரைசல் கொடுத்து நிறுத்தியே வைக்கப்போகிறோம், அதுவே பெரிய காப்பு. அதற்கு மேல் வாயு சேர்ப்பது எவ்வளவு என்பதுதான் கேள்வி" என்றார். பிறகு, என் வயிற்றில் பால் வார்த்த விஷயத்தைச் சொன்னார்: இதயத்தின் இடது கீழறை, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே தளரும்போதுதான் தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் பெறுகிறது. துடிப்பு வேகமெடுத்தால் அந்த இடைவெளி குறுகும், அழுத்தம் விழுந்தால் ரத்தத்தைத் தள்ளும் விசை குறையும். "இரண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் முதல் வேலை. எந்த மருந்தாக இருந்தாலும்."

நாய் ஆய்வின் அதே உத்தியை மனிதர்களிலும் சோதித்திருக்கிறார்கள். இதய அறுவை நோயாளிகளின் கையில் பட்டை கட்டி ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை இறுக்கித் தளர்த்தினால் இதயம் காக்கப்படுமா என்று பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளும் 2015-இல் பலனைக் காட்டவில்லை. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் புரோபோஃபால் பெற்றவர்கள், அதுவே காப்பைக் கெடுத்திருக்கலாம் என்று சிலர் வாதாடுகிறார்கள். எனக்கென்னவோ, தோற்ற பிறகு தேடும் சமாதானமாகவே அது படுகிறது.

அறுவை அரங்கில் நினைவிருப்பது கொஞ்சம்தான்: நெற்றியில் ஒட்டிய சில்லென்ற பட்டை, மணிக்கட்டுத் தமனியில் மரத்துப்போக ஊசி போட்டு நுழைத்த குழாய், மயக்க இயந்திரத்தின் மேல் மஞ்சள் நிறப் பெட்டி. மஞ்சள் என்றால் செவோஃப்ளூரேன் என்று படித்து வைத்திருந்ததால், ஆக்சிஜன் முகமூடிக்குள்ளேயே ஒரு நிம்மதி.

தீவிர சிகிச்சைப் பிரிவில் டிரோபோனின் எண்ணைக் கேட்டுப் பதறினேன். பைபாஸ் செய்த எல்லோருக்கும் ஏறும், எவ்வளவு ஏறி எப்படி இறங்குகிறது என்றுதான் பார்ப்போம் என்றார்கள். இறங்கியது.

வீடு திரும்பும் முன் மயக்கக் குறிப்புத் தாளைக் காட்டச் சொன்னேன். தொடக்கத்தில் வலி தணிக்கும் ஃபென்டனில், பிறகு செவோஃப்ளூரேன். இதய-நுரையீரல் இயந்திரத்தில் இருந்தபோதும் அதன் ஆக்சிஜன் குழாய் வழியாக அதே வாயு. கடைசி வரியில் புரோபோஃபால். மயக்க இயந்திரம் படுக்கையோடு தீவிர சிகிச்சைப் பிரிவு வரை வராதே, அந்த வழிக்கு ஊசி மருந்துதான் தோது என்று விளக்கினார் மருத்துவர்.